இல்லாத கம்பெனிக்கு நான் போட்ட கையெழுத்து

அன்பு மகள் அன்னாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் டெல்லியில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். டொராண்டோ குளிரில் எட்டாம் மாச வயிற்றோடு எப்படி இருக்கிறாய், கால் வீக்கம் குறைந்ததா என்று இதே நினைப்புதான். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தமிழ் வாசிக்கச் சிரமமாயிருந்தால் மாப்பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்.

எங்கள் கம்பெனியில் ஆஸ்பத்திரி மெஷின்களுக்கு ரிப்பேர் பில் வந்தால் பர்ச்சேஸில் இருக்கிற ப்ரீதா ஆன்ட்டி அனுப்புவாள், அக்கவுண்ட்ஸில் நான் கையெழுத்துப் போட்டுப் பாஸ் செய்வேன். அதில் ஒரு ரிப்பேர் கம்பெனிக்கு எப்போது போன் போட்டாலும் யாரும் எடுப்பதில்லை. உன் பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனவள், பக்கம்தானே என்று பில்லில் இருந்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தது முடிவெட்டுகிற கடை. அப்படி ஒரு கம்பெனியே இங்கே கிடையாது மேடம்ஜி, அந்தப் பெயருக்குத் தபால் வந்தால் ஒரு அம்மா வந்து வாங்கிப் போவார் என்றார் கடைக்காரர். அந்த பில்லை அனுப்புகிறவள் அவள்தானே என்று போனில் இருந்த ப்ரீதாவின் போட்டோவைக் காட்டினேன், இவர்தான் என்றார். எனக்கு ஆபீசில் வேலை இழுத்த நாளெல்லாம் உன்னைப் புசா ரோடு ஸ்கூலிலிருந்து கூட்டி வந்து சோறு போட்டவள் அல்லவா அவள்.

மறுநாள் அவளிடமே கேட்டேன். வீட்டுக்காரர் தொழில் நொடித்தபோது ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை என்று அழுதாள். நீ அன்னா பிரசவத்துக்குப் போய்விட்டு வா செலின், அதற்குள் சரிக்கட்டிவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நீயே டைரக்டரிடம் சொல், நான் கூட வருகிறேன் என்றேன். மாட்டேன் என்றாள். நான் போய்ச் சொல்லிவிட்டேன். அவளைக் கூப்பிட்டு விசாரித்தபோது, செலினுக்குத் தெரியாமல் ஒரு பில்லும் பாஸ் ஆகாது என்று சொல்லிவிட்டாள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறதே அன்னா, என்னை யார் நம்புவார்கள். ஆடிட்டர் என் பேங்க் விவரம் கேட்டார், அப்பாவுடையதையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். விசாரணை முடிகிறவரை ஆபீஸ் வரவேண்டாம், டெல்லியை விட்டும் போகவேண்டாம் என்றிருக்கிறார்கள். உன்னிடம் வர எடுத்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு பிபி ஏறிவிட்டது. மகளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்கிறார். கேட்பது தப்பில்லை. ஆனால் தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த மனசோடு உன் பிள்ளையை மடியில் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. நான் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்றுதான் பயம். உன் நாத்தனார் மாலாவிடம் பேசினேன், லீவு போட்டு வருகிறேன் என்றாள். அவளிடம் கூச்சப்படாதே, வேண்டியதைக் கேள். ப்ரீதா உன்னைக் கூப்பிடலாம். எடுத்துப் பேசு, அவள் உன்னை வளர்த்தவள். அம்மாவை மாற்றிச் சொல்லச் சொல் என்று கேட்டால் மட்டும், அம்மா மாற்றமாட்டாள் என்று சொல்லிவிடு.

தாயும் பிள்ளையும் சேதமில்லாமல் பிரிய தேவன் துணை நிற்பார். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. வலி எடுத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடு, இப்போது ஆபீஸ் போகாதவள்தானே, உடனே எடுப்பேன்.

உன் அம்மா
செலின் இஸ்ரவேல்