பொன்னம்மா அக்காவின் மலாய்ப் பாடம்

11-11-1957, திங்கள்

தம்பி தியாகு,

உன்னைக் கேட்காமலே, நீ மலாய் சொல்லித் தர வருவாய் என்று நம் தெரு பொன்னம்மா அக்காவிடம் சொல்லிவிட்டேன். அது என் தப்புதான். ஆனாலும் உன் மேல் கோபம் தணியவில்லை.

பிரஜா உரிமைக்கு அதிகாரி கேட்பதற்கெல்லாம் அவர் மலாயில் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது சந்தை மலாய். நீ வராததால் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். 'நான்' என்பதற்கு அவர் 'குவா' என்றதும், நீ வாசலில் பந்தோடு நின்று, "அதிகாரி துவான்கிட்ட போய் 'குவா'ன்னா, மீன் வாங்க வந்தியான்னு கேப்பாரு அக்கா!" என்று சிரித்தாய். 'சாயா' என்று மரியாதையாகச் சொல்லுங்கள் என ஒரு வார்த்தை திருத்தினாயா?

இன்று காலை குழாயடியில் அவர், "எனக்கு எதுக்கும்மா பிரஜா உரிமை? இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார். வியாழக்கிழமை அதிகாரியைப் பார்க்கப் போகமாட்டாராம்.

சுதந்திர நாளில் மெர்டேக்கா என்று தொண்டை கட்டும்வரை கத்தினாயே, யாருக்காக? தெங்கேரா மலாய்ப் பையன்களோடு பந்தாடிப் பழகிய நல்ல மலாய் உன்னிடம் சும்மா கிடக்கிறது. எனக்கு அது வந்தால் உன்னிடம் ஏன் கேட்கப் போகிறேன்?

வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். குழம்பை மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஹலீமாவிடம் கொடு.

அக்கா,
சந்திரமதி

மீன் தலையை உனக்குத்தான் எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.

நாளை சாயங்காலம் பந்தாட்டம் கிடையாது. பொன்னம்மா அக்கா வீட்டுக்குப் போய் முதலில் மன்னிப்புக் கேள். பிறகு அதிகாரி மாதிரி எதிரே உட்கார்ந்து, கேள்வி கேட்டு அவரைப் பழக்கு.