நேராக நின்ற தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்லூரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

மூலக்கூறுகள் அசைகிற மாதிரி இணையத்தில் வீடியோ செய்கிறேன் என்றேனே, அவற்றை எங்கள் துறைத் தலைவர் சிவப்பிரகாசம் தன் பெயரில் காட்டிவந்தார். அவரிடம் இருப்பது என் வீடியோவின் லிங்க் மட்டும்தான். இங்கே நான் மாற்றினால் அங்கேயும் மாறிவிடும். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து அதிகாரிகள் வந்த அன்று காலை, வளைந்திருக்க வேண்டிய தண்ணீர் மூலக்கூறை நேர்க்கோடாக்கி வைத்தேன்.

அதிகாரிகள் முன்னால் வகுப்பில் போட்டுக் காட்டியபோது அவர் அதைக் கவனிக்கவில்லை. அப்ஸானா என்ற மாணவி எழுந்தாள்.

"சார், தண்ணி வளைஞ்சுதானே இருக்கும்? இது ஏக்தம் நேரா, கம்பி மாதிரி நிக்குது."

சிரிப்பு அடங்குவதற்குள் அவர் என்னைக் கைகாட்டினார்.

"இதெல்லாம் சித்ரா மேடம் செஞ்சது சார். நான் இல்ல."

அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். எழுந்துபோய், எல்லார் முன்னாலும் அதை வளைத்துச் சரிசெய்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை. நீ கவலைப்படாதே, வேலைக்கு ஒன்றும் ஆகாது.

அங்கிருந்து வரும் ரங்கத் பஸ்ஸில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. சின்னப் பாட்டில் போதும், சாப்பிடுவது நான் ஒருத்திதானே.

மணி அடித்துவிட்டது. துறைத் தலைவர் லீவு. அவருடைய வகுப்பும் இன்று எனக்குத்தான்.

உன் மகள்,
சித்ரா