பெரியப்பா வீட்டுக்குப் போகும் தூக்கு

கச்சிராயபாளையம்

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, இங்கே நானும் அம்மாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற அளவுக்குச் சுகம். ஒரு வாரம் கலந்து பேசி நம் வீட்டில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். உன் பெரியப்பா வீரமணி வீட்டுக்குக் கறி இனிக் கிண்ணத்தில் போகாது, பெரிய எவர்சில்வர் தூக்கில்தான் போகும். நம் வம்சத்தில் பின்னால் வருகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

காரணம் உனக்குத் தெரிய வேண்டும். மாசியில் நம் முறைக்கு வரவேண்டிய தண்ணீரை அவர் வாய்க்காலில் மண் கொட்டி அடைத்தாரே, கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்ததே, கேட்கப் போனால் "இன்னாடா தம்பி, தண்ணி தானா நின்னா நான் இன்னா பண்றது" என்று ஊர் முன்னால் சிரித்தாரே, அதற்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் கள்ளக்குறிச்சி டாக்டரிடம் துணைக்கு என்னைத்தான் அழைத்துப்போனார். அவர் ரத்தம் இருந்த குழாயை டாக்டர் காட்டினார், மேலே பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. "கொழுப்பு ஜாஸ்தியானா ரத்தம் கெட்டியாவுதுங்க, செவப்பணுங்க ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கினு சின்னக் குழாயில போவத் திணறுதுங்க, கறிக்கொழுப்பு, நெய், இனிப்பெல்லாம் கம்மி பண்ணுங்க" என்றார். பெரியப்பா தலையாட்டினார், நான் மனப்பாடம் செய்துகொண்டேன். நம் வாய்க்காலை அடைத்தவருக்கு அவருடைய வாய்க்கால் அடைபட்டால் போதும், வேறு ஆசை எனக்கில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வெள்ளிமலைக் கிடாவில் கொழுப்பாகப் பார்த்து வாங்குகிறேன், அம்மா வறுக்கிறாள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "தம்பி பாசத்தப் பாருடி" என்று பெரியம்மாவிடம் சொல்லி வாங்கிக்கொள்கிறார். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக்கூடாதில்லையா, பெரியம்மா நெய் ஒழுக அதிரசமும் கேசரியும் நிரப்பித் தருகிறாள். தின்பண்டத்தை எறிய மனம் வராது, அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, ஆகவே நான்தான் சாப்பிடுகிறேன். காரியம் பெரிது, இந்தச் சிரமத்தைப் பார்க்க முடியுமா.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். பொங்கலுக்கு வரும்போது பெரியப்பாவுக்கு அந்த ஊர்ச் சீஸ் பெரிய டப்பாவாக வாங்கி வர மறந்துவிடாதே.

உன் அப்பா,
பகலவன்

பி.கு. இதை எழுதிவைத்த பிறகு, தலைசுற்றல் என்று நேற்று அதே டாக்டரிடம் நானும் ரத்தம் கொடுத்தேன். குழாயில் பாதி வெள்ளை. பெரியப்பாவுக்கு ரத்தம் தெளிந்துவிட்டதாம். உடம்பு பெருத்துப்போன அவர் வீட்டு நாயால் இப்போது வரப்பு ஏற முடியவில்லை.