ஹெதி வீட்டு முற்றத்துக் கொக்கி

கெலிபியா, துனீசியா, ஆகஸ்ட் 9

அன்பு மகள் நெஸ்ரீனுக்கு உம்மா எழுதுவது. உனக்கு ஸலாம். லியோனில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் வாப்பாவால் தலைவலி, நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன நாய் ஸம்ஸாவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, நாளை லியோனுக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு ராபியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெருநாளுக்கு வா என்றால், கடலோரத்தில் வீடு எடுங்கள், ஸம்ஸாவும் கூட இருக்க வேண்டும், அப்படியானால் வருகிறேன் என்றாய். ஏழு வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டேன். நாய் என்று சொன்னதுமே ஆறு பேர் வைத்துவிட்டார்கள். ஏழாவது ஆள் ஹெதியிடம் புத்திசாலித்தனமாக, எங்களோடு ஒரு பிராணியும் வரும் என்று மட்டும் சொன்னேன். அவர், "தாராளமா கூட்டிட்டு வாங்கம்மா, முற்றத்துல கொக்கியே போட்டு வெச்சிருக்கேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. வந்து பார்த்தால் கொக்கி ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது! நாய்க்கயிறு கட்ட எதற்கு இவ்வளவு உயரம் என்று நான் முழிக்க, ஸம்ஸாவைப் பார்த்து அவர் முழிக்க, "என்னம்மா இது, நான் குர்பானிக் கிடான்னுல்ல நெனச்சேன்! அது தோலுரிக்கத் தொங்கவிடுற கொக்கி" என்று தலையில் கைவைத்தார். நாய் புகுந்த வீட்டுக்குள் வானவர்கள் வரமாட்டார்கள் என்று வேறு ஆரம்பித்துவிட்டார். உன் வாப்பா சும்மா இருப்பாரா, நாம் பின்பற்றும் சட்டவழியை வகுத்த இமாம் மாலிக் நாயை அசுத்தம் என்று சொல்லவில்லை என்று வாசலிலேயே பாடம் எடுத்தார். அதற்கு ஹெதி, "இமாமா வீட்டை வாடகைக்கு விடறாரு? நான்தானே விடறேன்!" என்றார். கடைசியில் நான் கொண்டுவந்திருந்த மக்ரூத் பலகார டப்பாவைத் திறந்து நீட்டியதும்தான் இறங்கிவந்தார். நாய் உள்ளே வரக்கூடாது, முற்றத்தோடு சரி என்று நிபந்தனை. இப்போது தினமும் அவரே மீன்தலை கொண்டுவந்து போடுகிறார், அது வேறு கதை.

இத்தனை பாடுபட்டு வீடு கிடைத்தது என்று சொன்னால், லீவு கிடைப்பது சந்தேகம் என்கிறாய். நெஸ்ரீன், உன்னைப் பெற்றவள் நான். நாய்க்கு இடம் தரும் வீடு இந்த ஊரில் கிடைக்காது என்று நம்பித்தானே அப்படிச் சொன்னாய்? வரப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லிவிடு. பாவம், வாயில்லாத ஜீவன்மேல் ஏன் பழியைப் போடுகிறாய்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கோபம் போனால் அழுகை வருகிறது.

போன பெருநாளில் என் தங்கை ஜமீலா, புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று அத்தனை பேர் முன்னால் உன்னைக் குத்திக்காட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கறி நறுக்கினேன். நீ என்னைப் பார்த்தாய், நான் நிமிரவே இல்லை. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, டிக்கெட்டை இன்றே பார். ஜமீலாவுக்கு நேற்றே போன் செய்து, "இந்தப் பெருநாளுக்கு நீ வர வேண்டாம், என் மகள் வருகிறாள்" என்று சொல்லிவிட்டேன்.

உன் உம்மா,
மொனியா