சேனல் நூறு எனக்கே

பதிவு 1
நாள் 212, 09:10

மனித குலத்துக்கும், அதில் சேராத வீடு 15-க்கும் ஆழ்ந்த பெருமிதத்துடன் அறிவிக்கப்படுவது: இன்று காலை 09:07 மணிக்கு, செவ்வாய்க் கோள், செம்பாறைக் குடியிருப்பு, வீடு 14-இன் வைஃபை பெயர் 'அதியன்_அரண்மனை' என மாற்றப்பட்டது. கொடி ஏற்றவில்லை. இங்கே கொடி பறக்கக் காற்று போதாது.

இதைக் கண்டெடுக்கும் எதிர்கால ஆய்வாளரே, நான் அதியன். வயது பதினைந்து. பிறந்ததே இங்கேதான், அதனால் எனக்குச் செவ்வாய் தோஷம் நூற்றுக்கு நூறு. அம்மா பூங்கோதை பனிக்கிணற்று வண்டி ஓட்டுகிறார். காலையில் ஆறு கிலோமீட்டர் போய், பனி வெட்டி ஏற்றிக்கொண்டு, மாலையில் திரும்புவார். கூடப் போகிறவர் பக்கத்து வீட்டு சேவியர் மாமா. தங்கமான மனுஷன். அவர் பெற்றது தகரம்.

அந்தத் தகரத்தின் பெயர் பெனிட்டா. வயது பதினேழு. 14-ம் 15-ம் ஒட்டிப் பிறந்த வீடுகள், நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருக்கிற அவள் ரூட்டர் என் ரூட்டரின் குரல்வளையில் உட்கார்ந்திருக்கிறது. சான்று: நேற்று கபடி லீக்கில் நான் பாடிக்கொண்டு போய் கோட்டைத் தொடும் நேரத்தில் திரை உறைந்தது. எதிராளி களத்தில் சிலையாக நின்றேன். ஏழு பேரும் சாவகாசமாக வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

09:31. எதிரி பதில் தந்துவிட்டாள். அவள் வைஃபையின் புதுப் பெயர்: 'அரண்மனை_எலி_பக்கத்துல'.

போர்.

பதிவு 2
நாள் 212, 11:40

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் கடைசியாக ஒரு கதவு: 'மேம்பட்ட அமைப்புகள். தெரிந்தவர்கள் மட்டும் மாற்றவும்.' தெரிந்தவன் வந்துவிட்டேன், வழி விடு.

அனுப்பும் சக்தி 25 சதவீதத்தில் இருந்தது. 100.
சேனல் அகலம் 20-இல் இருந்தது. 160. அதாவது ஒற்றையடிப் பாதையில் போய்க்கொண்டிருந்தவன் எட்டு வழிச் சாலை போட்டு, அதன் நடுவே கட்டிலையும் போட்டுப் படுத்துவிட்டேன்.
சேனல்: 100. காரணம், அங்கே யாருமே இல்லை. இவ்வளவு நல்ல இடத்தை ஏன் விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. அறிவாளிகள் பஞ்சம்.

சுவர் ஃபோனில் வந்தது:

"வீடு 15: டேய், என்னடா பண்ண? பாடம் பாதி டவுன்லோடுல நிக்குது."
"வீடு 14: காத்துல உன் பேரு எழுதியிருக்கா?"
"வீடு 15: நாளன்னைக்குப் பரீட்சை. விளையாடாதடா."
"வீடு 14: விளையாடத்தானே இவ்வளவும்."
"வீடு 15: நல்லா அனுபவிப்ப."

அனுபவிக்கிறேன். கபடியில் தொடர்ந்து மூன்று வெற்றி.

பதிவு 3
நாள் 213, 10:35

தோற்றேன். லீக் ஆட்டம், காலை பத்து மணி. சரியாகப் பத்துக்கு என் ரூட்டர் தானாகவே சேனல் 100-ஐ விட்டு எழுந்து ஓடிவிட்டது. அரை மணி நேரம் திரும்பி வரவில்லை. துரோகி.

விசாரித்தேன். சேனல் 100 வாசல் கோபுரத்துக்கு நேர்ந்துவிட்டது. புழுதிப் புயல் எழும்பினால் கண் தெரியாது, சக்கரத் தடமும் அழிந்துவிடும். அப்போது கோபுரம் நூறில் வழிகாட்டி ஒலி அனுப்பும். வண்டியில் ஒரு முள் உண்டு, ஒலி வரும் பக்கம் திரும்பும். முள் காட்டும் திசையில் ஓட்டினால் வாசல். ஒலி கேட்டதும் எல்லா வீட்டு ரூட்டரும் மரியாதையாக ஒதுங்கிவிடும். தினமும் பத்து மணிக்கு அதற்கு ஒத்திகை.

ஒத்திகைக்கு என் ஆட்டம்தான் கிடைத்ததா?

'வழிகாட்டி கேட்டால் ஒதுங்கு' என்ற வரியை அணைக்கப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அதற்கு மேலே இன்னொரு வரி: 'இடம்'. தட்டினால் இரண்டு பெயர். செவ்வாய். பூமி. ரூட்டர் அங்கே செய்து அனுப்பியதுதானே.

பூமியைத் தேர்ந்தேன். ஒதுங்கும் வரி மாயமாகிவிட்டது! பூமியில் எங்கள் கோபுரம் கிடையாது, ஒதுங்க வேண்டிய தேவையும் கிடையாது. என் ரூட்டர் இப்போது கடற்கரையில் காற்று வாங்குவதாக நம்பிக்கொண்டிருக்கிறது. ஒரே தட்டலில் இருபது கோடி கிலோமீட்டர் இடமாற்றம் வாங்கிக்கொடுத்த ஒரே அதிகாரி நான்.

புயலா? புயல் வந்து ஐந்து மாதம் ஆகிறது.

பதிவு 4
நாள் 214, 16:05

அவமானம். பெனிட்டா என் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டாள். (என் பெயரும் 123-உம். யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.) உள்ளே புகுந்து பெயரை 'அதியன்_அழுகுணி' என்று மாற்றியிருக்கிறாள். குடியிருப்பு முழுக்க இருநூறு வீட்டில் அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

பதிலடி. வைஃபை பெயரை மறைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இருபது எழுத்தில் புதுப் பாஸ்வேர்டு. கடைசியாக 'அனுமதிப் பட்டியல்': அதில் இருக்கும் கருவிகளைத் தவிர வேறு எதுவும் நுழைய முடியாது. என் விளையாட்டுப் பெட்டியை மட்டும் சேர்த்தேன். சேமி.

சேமித்த நொடியில் ரூட்டர், நான் எழுதும் இந்த டேப்லெட்டைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டது. டேப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை. விளையாட்டுப் பெட்டிக்கு அமைப்புப் பக்கம் திறக்கத் தெரியாது. ஆக, இனி யாராலும் எதையும் மாற்ற முடியாது. என்னாலும்.

இதைத்தான் உச்சக்கட்டப் பாதுகாப்பு என்பார்கள். இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டேன்.

பதிவு 5
நாள் 215, 14:20

சங்கு ஊதுகிறது. புழுதிப் புயல். நடைபாதைக் கதவுகள் எல்லாம் தானாகப் பூட்டிக்கொண்டன. அம்மாவும் சேவியர் மாமாவும் இன்னும் வெளியே. சுவர் ஒலிபெருக்கியில் கோபுரத்து தணிகாசலம் அண்ணன்:

"கோபுரம்: எல்லா வீடும் கேளுங்க. வழிகாட்டி ஓடுது. ரூட்டர் தானா ஒதுங்கிக்கும், யாரும் எதையும் தொட வேணாம். ஒரே ஒரு வண்டிதான் வெளிய. வந்துரும்."

14:41

"வண்டி: கோபுரம், பூங்கோதை பேசறேன். முள்ளு ரெண்டு பக்கமும் ஆடுது."
"கோபுரம்: ஆடக் கூடாதேம்மா. இங்க நல்லாத்தான் போகுது."
"வண்டி: அங்க நல்லாப் போனா இங்க நல்லா வரணுமே தணிகா. சேவியர், ஏதாச்சும் தெரியுதா?"
"வண்டி: என் கையே எனக்குத் தெரியல."

ஆய்வாளரே, எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான்.

14:55

"வண்டி: முள்ளு நின்னுடுச்சு. கிழக்கால காட்டுது. எனக்குத்தான் திசை குழம்பிடுச்சு போல, முள்ளு காட்டுறபடியே வரேன்."

வாசல் மேற்கே. கிழக்கே இருப்பது எங்கள் வரிசை. எங்கள் வரிசைக்கு முன்னால் பழைய பனிக்குழி. ஆழம் நாற்பது மீட்டர், வேலி கிடையாது.

முள் என்னைக் காட்டுகிறது.

15:02

டேப் உள்ளே போகவில்லை. இருபது எழுத்தையும் சரியாகத்தான் போட்டேன். பட்டியல் விடவில்லை. ரூட்டர் சுவருக்குள் இருக்கிறது, ஆறு போல்ட், எங்களிடம் அதற்கு ஸ்பேனர் இல்லை. சுவரை நாற்காலியால் அடித்தேன். நாற்காலி உடைந்தது.

15:09

"வீடு 15: உன் சிக்னல் இன்னும் நூறுல நிக்குது. என்னோடது ஒதுங்கிடுச்சு. அணைடா."
"வீடு 14: ஒதுங்கிட்டேன்."
"வீடு 15: பொய். சிக்னல் மீட்டரைக் கையில வெச்சிக்கிட்டுதான் பேசறேன். எங்கப்பா அந்த வண்டியில இருக்காரு. உங்கம்மா இருக்காங்க. அணை."
"வீடு 14: முடியல. நானே உள்ள போக முடியாம பூட்டிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நடக்கும் சத்தம், நாற்பது நொடி. அந்த நாற்பதையும் எண்ணினேன்.

"வீடு 15: நீ மட்டும் கையில கெடைச்ச... சரி. மெயின் கரன்ட் தாழை இழு. வீடு மொத்தமும் அணையட்டும்."
"வீடு 14: காத்து விசிறியும் நின்னுடும்."
"வீடு 15: நிக்கட்டும். ஒரு மணி நேரம் தாங்கும்னு ஸ்கூல்ல படிச்சோம்ல? வண்டி வாசல் வந்ததும் நீயே திரும்பப் போட்டுக்கலாம்."
"வீடு 14: நீ உன் பக்கத்துலேர்ந்து ஏதாச்சும் பண்ண முடியாதா?"
"வீடு 15: ரெண்டு வீட்டுக்கும் பொது கரன்ட் பெட்டி இங்கதான் இருக்கு. அதை இழுத்தா ரெண்டும் போகும். திரும்பப் போட கோபுரத்துச் சாவி வேணும், புயல் அடங்காம எவனும் வர மாட்டான். உன்னோடத இழுடா, கோழை."

15:24

"கோபுரம்: வண்டி, எவ்வளவு தூரம்?"
"வண்டி: முள்ளு பலமா நிக்குது தணிகா. கிட்ட வந்துட்டோம்னு நினைக்கறேன். வேகத்தைக் கூட்டறேன்."

கத்தினேன். சுவர் ஒலிபெருக்கிக்குக் காது கிடையாது. கோபுரத்து ஃபோன் பிஸி.

"வீடு 15: மூணு எண்ணறேன். ஒண்ணு."
"வீடு 15: ரெண்டு."
"வீடு 15: மூணு."

15:31

இழுத்தேன்.

எல்லாம் இருட்டு. விசிறி நின்றுவிட்டது. டேப் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வருங்கால ஆய்வாளரே, பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் மூச்சுக்காற்றைத் தானே நிறுத்தி அம்மாவைக் காப்பாற்றினான் என்று எழுதிக்கொள்ளுங்கள். சிலை வைத்தால் இடது பக்க முகம் நன்றாக இருக்கும்.

பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி மட்டும் பேசுகிறது.

"வண்டி: ஐயோ, முள்ளு திரும்பிடுச்சு! மேற்கால! சேவியர், பிடிச்சுக்கோ!"
"கோபுரம்: நில்லும்மா, நிறுத்து!"
"வண்டி: நிறுத்திட்டேன். முன்சக்கரம்... தணிகா, முன்னாடி தரையே இல்ல. பின்னால எடுக்கறேன். மெதுவா எடுக்கறேன்."

15:58

வண்டி வாசலுக்குள் வந்துவிட்டது. அம்மாவின் குரல் கேட்டது. "கதவை மூடு தணிகா" என்று மட்டும் சொன்னார்.

16:10

காற்று கெட்டுவிட்டது. தலை கனக்கிறது. வீடு 15-உம் இருட்டாக இருக்கிறது போல, அவள் பக்கத்து விசிறிச் சத்தமும் கேட்கவில்லை. என் தாழின் அதிர்ச்சியில் அதுவும் நின்றிருக்கும். சுவரைத் தட்டினேன். திருப்பித் தட்டினாள். ஒருமுறை.

16:33

தட்டினேன். பதில் இல்லை.

16:34

தட்டினேன்.

16:47

புயல் அடங்கியது. கதவு திறந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். முதலில் 15-க்குத்தான் போனார்கள்.

பதிவு 6
நாள் 215, 18:40

பெனிட்டா மருத்துவ அறையில். முகமூடியில் காற்று கொடுக்கிறார்கள். கண் திறந்துவிட்டாள். அவள் வீட்டில் பாதி இடத்தை மாமாவின் கருவிகள் அடைத்திருக்கும், காற்று எங்களைவிடக் குறைவு.

என்ன நடந்தது என்று கேட்டார்கள். ரூட்டரில் கோளாறு, அதனால் மெயினை இழுத்தேன் என்றேன். கோபுரம் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லியது. இருநூறு வீட்டுக்கும். சேவியர் மாமா, மகளுக்கு முகமூடி போட்டுவிட்டு நேரே வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.  

19:05

"மருத்துவ அறை: வாழ்த்துகள் ஹீரோ சார். மூணு வரைக்கும்தான் எண்ணினேன். அதுக்கு மேல நீ எண்ணியிருப்பேன்னு நினைக்கறேன்."

19:20

கோபுரத்துக்கு ஃபோன் போட்டேன். தணிகாசலம் அண்ணன் எடுத்தார். "சொல்லுடா சிங்கம்" என்றார். வைத்துவிட்டேன்.

19:32

ஆய்வாளரே, நீங்கள் போகலாம். இது உங்களுக்கு இல்லை.

அம்மா, பக்கத்து அறையில் நீங்கள் யாருடனோ பேசுவது கேட்கிறது. "என் பையன்" என்கிறீர்கள். வாயால் சொல்ல வரவில்லை, டேப்பைத் தரப்போகிறேன். மேலே இருக்கும் ஜோக்கையெல்லாம் விட்டுவிடுங்கள். 15:31 மட்டும் படித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அது பொய். நான் இழுக்கவில்லை.

அவள் மூன்று சொன்னபோது என் கை தாழின் மேல் இருந்தது. இருந்தது, அவ்வளவுதான். விசிறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றால் என்ன ஆகும் என்று மட்டும்தான் தோன்றியது, உங்கள் வண்டி தோன்றவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று எண்ணினேன். பதினொன்றில் இருட்டியது. பொதுப் பெட்டியை அவள் இழுத்துவிட்டாள். இழுத்தால் திரும்பப் போட முடியாது என்று தெரிந்தே இழுத்தாள்.

இருட்டில் தடவிப் பார்த்தேன். என் தாழ் மேலேயே நின்றுகொண்டிருந்தது. நடைபாதையில் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டதும்தான் அதைக் கீழே தள்ளினேன்.

ரூட்டரிலும் கோளாறு இல்லை அம்மா. அது நான் சொன்னதைத்தான் செய்தது.