ஹெல்மெட்டில் வந்த அப்பாக்கள்

மச்சான்,

இன்று காலை வீட்டுக்காரி பரணிலிருந்து என் மஞ்சள் ஹெல்மெட்டை இறக்கி, அதில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தால் நெற்றியில் இன்னும் என் அப்பா பெயர்! சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று வெங்காயத்துக்குள் விழுந்தது.

அரபு நாட்டு முசஃபா கேம்ப்பில் நாம் ஒரே அறை. நீ மேல்கட்டில், நான் கீழ்கட்டில். இருவருக்கும் கம்பி கட்டுகிற வேலை. வெயிலில் உன் யாழ்ப்பாணத்து நிறம் கரைந்து, என் ராமநாதபுரத்து நிறத்துக்கு வந்துகொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன் நீ. எட்டாவதில் பெயிலான நான், போகாமலே பாதியைக் கற்றுக்கொண்டேன். என்னைக் கண்டால் கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும்.

ஆட்களின் முழுப்பெயர் ஹெல்மெட்டில் அடங்கவில்லை. ஆளுக்கு ஒரு பெயர் மட்டும் வருகிற மாதிரி புரோகிராம் எழுதி ஸ்டிக்கர் அடி என்று உன்னிடம் சொன்னார் இன்ஜினீயர். சரியாக வந்தால் ஏசி ஆபீசில் நாற்காலி. வராவிட்டால் மறுபடி கம்பிதான்.

முதல் இடைவெளி வரை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டு என்று எழுதினாய். சனிக்கிழமை காலை எல்லார் நெற்றியிலும் ஸ்டிக்கர். புதிதாக வந்த பட்டாணிய போர்மேன் ஒவ்வொன்றாக வாசித்துக் கூப்பிட்டார்.

"கருப்பையா! யல்லா, ஜல்தி!"

"அவரு ஊர்ல ஆடு மேய்க்கிறாரு பாய். நான் அவரு மகன்!"

நம் ஆட்கள் வழக்கம்போல அப்பா பெயரை முன்னால் போட்டுத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெட்டில் மகன்கள் போய் அப்பாக்கள் நின்றுவிட்டார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெயர். "என்ன முனியாண்டி, உம்ம மகன் ஊருக்கு போன் பண்றானா?" என்று சைட்டே சிரித்தது.

நீ மட்டும் கம்பிக் குவியலில் உட்கார்ந்துவிட்டாய். "ஏசி ஆபீஸ் கதிரை போச்சுது மச்சான். எது ஆளின்ர பேர் எண்டு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எழுத்தை வரிசையாத்தான் பாக்கும்."

"அப்ப பின்னாடியிருந்து பாக்கச் சொல்லுடா. நம்மாளு கடைசியிலதான நிக்கிறான்?"

"ஓம்! கடைசி இடைவெளிக்குப் பிறகு வாறதை எடுத்தாச் சரி!"

ஓடினாய். இடைவெளியே இல்லாத ஒற்றைப் பெயரை அப்படியே விடச் சொல்லியும் ஒரு வரி சேர்த்தாய். மத்தியானத்துக்குள் மகன்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். நாற்காலி உனக்கு.

என் ஸ்டிக்கரை மட்டும் மாற்ற விடவில்லை. மதுரையைக்கூடப் பார்க்காமல் செத்துப்போன என் அப்பா, அரபு நாட்டில் கொஞ்ச நாள் ட்யூட்டி பார்க்கட்டும் என்றேன். "பாக்கட்டும் மச்சான், ஓவர்டைமும் போட்டுவிடுறன்" என்றாய்.

இந்தக் கதையை ஊரில் சொல்லும்போதெல்லாம், என் கைச்சரக்காக ஒரு ஷேக் காரை நிறுத்தி இறங்கி வந்து என் மூளைக்குக் கைகொடுப்பார். நீ இருந்தவரை போனில் சிரித்துக்கொண்டே, "அவரைக் காருக்குள்ளயே இருக்க விடு மச்சான்" என்பாய். இப்போது தடுக்க ஆளில்லை. ஷேக்கை ஒட்டகத்தில்கூட வரவைக்கலாம். ஆனால் அவர் கதவைத் திறக்கிற இடம் வந்ததும் உன் குரல் கேட்டுவிடுகிறது. மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்.