சத்து ஊசி என்று சொல்லமாட்டேன்

மார்ச் 3, திங்கள்
கீமோ ஏற்றும் டேகேர் வார்டில் இன்று புதிதாக ராசாத்தாள் அம்மா. சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டம். மார்பில் புற்றுநோய், முதல் கீமோ. மகன் ஈஸ்வரமூர்த்தி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "சிஸ்டர், அம்மாவுக்குத் தெரியாதுங்க. சத்து ஊசின்னு சொல்லியிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிப்போடுங்க."

"பொய் சொல்லமாட்டேனுங்க. கேட்டாங்கன்னா உள்ளதைத்தான் சொல்லுவேன்."

அந்தம்மா எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் அடித்தால் உடனே கிளம்பி வந்துவிடுங்கள் என்றேன். சிரித்தார். "சத்து ஊசிக்கு எதுக்கு கண்ணு இத்தன பயம்?"

மார்ச் 4
மகன் புகார் கொடுத்துவிட்டார். மேட்ரன், "மதிவதனி, குடும்ப விஷயத்துல தலையிடாதே" என்றார். மருந்து ஏத்தறது நான். என்ன மருந்துன்னு சொல்றது மட்டும் குடும்ப விஷயமா?

மார்ச் 12
ராசாத்தாள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரெண்டு நாளாக் காய்ச்சல். சத்து ஏறின ஒடம்பு தாங்கும்னு யார்கிட்டயும் சொல்லாம வெந்நி குடிச்சுட்டுப் படுத்திருக்காங்க. கீமோவுக்கு அப்புறம் எதிர்ப்புச் சக்தியே இருக்காது, காய்ச்சல் ஆளையே கொண்டுபோயிரும் — இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பாங்க. இப்ப ஐசியூ.

மார்ச் 16, ஞாயிறு
பிழைத்துவிட்டார். வார்டுக்கு மாற்றியதும் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மணி, நீ சொல்லு. எனக்கு என்ன நோவு?"

பக்கத்தில் நின்ற மகன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"புற்றுநோய்ங்கம்மா. மருந்துக்குக் கேக்கும்னுதான் டாக்டர் சொல்றாரு."

அந்தம்மா மகன் பக்கம் திரும்பி, "எம்பட ஒடம்பு. என்னைத் தவிர எல்லாத்துக்கும் தெரியுமாக்கும்?" அவர் அழுதுவிட்டார். அந்தம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, "அடுத்த ஊசி எப்ப?"

மார்ச் 18
நோயைச் சொன்னதற்கு மன்னிப்பு எழுதிக் கொடு, இல்லாவிட்டால் ஜெனரல் வார்டுக்குப் போ என்கிறார் மேட்ரன். எழுதமாட்டேன். எதுக்கு எழுதணும்?

ஏப்ரல் 1
ராசாத்தாள் அம்மாவுக்கு இரண்டாவது கீமோ. ரவுண்ட்ஸ் வந்த மேட்ரனிடம், "ஏனுங்க, இந்தப் புள்ளைய வேற வார்டுக்கு மாத்தினா சொல்லிப்போடுங்க. நானும் அங்கயே வந்து ஊசி போட்டுக்கறனுங்க" என்றார். சுற்றி மருந்து ஏறிக்கொண்டிருந்த எல்லா நாற்காலியிலும் சிரிப்பு. மேட்ரன் என்னோடு பேசுவதில்லை. மாற்றவும் இல்லை.

ஏப்ரல் 11
மதியம் ராசாத்தாள் அம்மாவிடமிருந்து போன். "காய்ச்சல் கண்ணு. பையன் வரட்டும்னா மருமக. அவன் பெருந்துறையில இருந்து எப்ப வாரது? பஸ் ஏறிப்போட்டேன், புளியம்பட்டி தாண்டியாச்சு. பெட்டு ரெடி பண்ணி வெய்யி."

டாக்டரிடம் சொல்லிவிட்டு வீல்சேரோடு வாசலில் நின்றேன். ஆட்டோவில் வந்து இறங்கியவர் வீல்சேரை ஒதுக்கிவிட்டு, என் தோளைப் பிடித்தபடி நடந்தே உள்ளே வந்தார்.